பாட்டு யாருடைய சொத்து?

ஒரு பாட்டு ஜனங்களின் நாவில் ஏறிவிட்டால், அதைப் பாடியவரின் பெயரும் உடன் ஏறிவிடுகிறது. அதைக் கட்டியவர் யார் என்று கேட்போர் நூற்றில் ஒருவர் இருந்தாலே அதிகம். இது உலக வழக்கந்தான். ஆனால் பெயர் போனாலும் போகட்டும், பிழைப்பும் உடன் போகவேண்டுமா என்பதே நம் கேள்வி. அமெரிக்காவின் தென்பகுதியில் வளர்ந்த ‘கண்ட்ரி’ சங்கீதத்தின் சரித்திரம் இதற்குத் தக்க விடை தருகிறது. உழவரும் தொழிலாளரும் பாடிவந்த மலைநாட்டுப் பாட்டுக்களே அதன் மூலம்; டென்னஸி ராஜ்யத்து நாஷ்வில் நகரம் அதன் தலைமைப் பீடம்.

1927-ம் வருஷம், விக்டர் கிராமபோன் கம்பெனிக்காக ரால்ப் பீர் என்பவர் அதே ராஜ்யத்தின் பிரிஸ்டல் என்னும் ஊருக்கு வந்து, மலைநாட்டுப் பாடகர்களை அழைத்து இசைத்தட்டுக்களில் பதிவு செய்தார். கம்பெனியிடம் அவர் சம்பளம் பெறவில்லை. பாட்டுக்களின் பிரசுர உரிமையைப் பெற்றார். தட்டு தேய்ந்து போகும், உரிமை தேயாது என்பதை அவர் அறிந்திருந்தார். அங்கு பாடியவர்களில் கார்ட்டர் குடும்பத்தார் பெரும் புகழ் எய்தினர். அக்குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் பின்னர் ஊர் ஊராகச் சென்று பழம்பாட்டுக்களைத் திரட்டினார். அவர் சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டுக்களை நினைவில் நிறுத்திக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின வாத்தியக்காரர். பாட்டுக்கள் கார்ட்டர் பெயரில் பதிவாயின. ரிடிலின் பெயரை உலகம் நெடுங்காலம் அறியவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1909-ல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், விற்பனைக்குத் தயாராகும் ஒவ்வொரு தட்டிலும் பாட்டொன்றுக்கு 2 ஸெண்டு என்று விகிதம் வகுத்தது. டாலரில் ஐம்பதில் ஒரு பங்கான அத்தொகையையும் பிரசுரகர்த்தரும் பாட்டாசிரியரும் பங்கிட்டுக்கொள்வர். ரொட்டி விலையும் வீட்டு வாடகையும் பன்மடங்கு ஏறியும், 1978 வரை இவ்விகிதம் ஏறவில்லை. மறுபுறம் ஒரு நன்மையும் உண்டு. அந்நாட்டு வானொலி நிலையம் ஒரு தட்டை ஒலிபரப்பினால், பாட்டாசிரியருக்குப் பணம் சேரும். பாடினவருக்குச் சட்டப்படி ஒரு காசும் இல்லை. ஆகவே உரிமையைக் கைவிடாதவருக்குப் பாட்டு நன்செய் நிலம் போன்றது. விற்றுவிட்டவரோ பிறர் வயலின் அறுவடையை வரப்பில் நின்று பார்க்க வேண்டியவரே.

வில்லி நெல்ஸன் அப்படி நின்றவர்களில் ஒருவர். வறுமையின் நெருக்கடியில் ‘ஃபேமிலி பைபிள்’ என்ற தம் பாட்டை அவர் 50 டாலருக்கு விற்றுவிட்டார். 1960-ல் அதைக் கிளாட் கிரே பாட, பாட்டு நாடெங்கும் பரவிற்று. ஆக்கியோன் பெயரில்கூட நெல்ஸன் இல்லை. அவ்வருஷமே நாஷ்வில் சேர்ந்த அவருக்குக் கைகொடுத்தவர் ஹாங்க் காக்ரன் என்னும் மற்றொரு பாட்டாசிரியர். தமக்கு வரவேண்டியிருந்த வாரம் 50 டாலர் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, அத்தொகைக்கு நெல்ஸனை வேலைக்கு அமர்த்தும்படி தம் பிரசுராலயத்தாரைக் காக்ரன் வேண்டினார். 1961-ல் நெல்ஸனின் ‘கிரேஸி’ பாட்டைப் பாட்ஸி கிளைன் பாடினார். அவ்வம்மையார் 1963-ல் விமான விபத்தில் மாண்டார்; பாட்டோ இன்றளவும் வாழ்கிறது. இம்முறை அது நெல்ஸனின் பெயரிலேயே வாழ்கிறது.

இதனினும் பெரிய சோதனை டாலி பார்ட்டனுக்கு வந்தது. 1974-ல் அவர் தாமே எழுதிப் பாடி வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பினார். எந்தப் பாட்டாசிரியருக்கும் கனவிலும் கிட்டாத பாக்கியம்! ஆனால் எல்விஸின் நிர்வாகி கர்னல் பார்க்கர், பிரசுர உரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்தார். அன்றிரவெல்லாம் அழுததாகப் பின்னர் அவரே கூறியுள்ளார். 1992-ல் விட்னி ஹௌஸ்டன் அப்பாட்டைப் பாடினார். அது 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது. அதன் வருவாயை அந்நியருக்குப் பங்கிட வேண்டிய அவசியம் பார்ட்டனுக்கு நேரவில்லை.

இன்று கருவி மாறியிருக்கிறது. பத்துப் பாட்டு அடங்கிய தட்டு விற்ற காலத்தில், புகழ்பெற்ற பாட்டுக்கும் பெறாத பாட்டுக்கும் சம பங்கு கிடைத்தது. இணையத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை தடவை கேட்கப்பட்டதென்று எண்ணிப் பணம் அளக்கிறார்கள். பிரபலமாகாத பாட்டை எழுதியவர் அநேகமாக வெறுங்கையோடு நிற்கிறார். சம்பளத்துக்கு எழுதுவோர் தொகை நாஷ்வில்லில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒரு வரியும் எழுதாமல் ஆசிரியர் பங்கு கேட்கும் பாடகர்களும் இல்லாமலில்லை. அவர்களுக்கு இனிப் பங்கு தருவதில்லை என்று 2021-ல் அமெரிக்கப் பாட்டாசிரியர் பலர் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர்.

பாடகரைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. குரலின்றிப் பாட்டு ஊமையாகும். பாட்டின்றிக் குரல் வெறும் ஓசையாகும். இருவருக்கும் நியாயமான பங்கு வேண்டும். அதைத் தாட்சண்யமாகவன்றிப் பாத்தியதையாகப் பெறவேண்டும். கூலி வாங்கியவன் வேலை முடிந்தால் வெளியேறவேண்டியவனே. உரிமை உள்ளவனுக்கே வீட்டில் இடம் உண்டு. நெல்ஸன் வறுமையில் விற்றுக் கற்ற பாடத்தைப் பார்ட்டன் ஆசைக்கு இணங்காமல் காத்தார். பசித்தவனிடம் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எந்நாட்டிலும் எளிது. அக்கையெழுத்தைப் போடாமல் நிற்கும் வலிமையை ஒருவர் தனியே பெறுதல் அரிது; காக்ரனைப் போன்ற தோழர்கள் அருகிருந்தால் அது கூடும்.