கிளிமானூரில் ஒரு காலைப்பொழுது

பொழிச்சலூரில் நமது இல்லத்துப் பூஜை அறையில் பாட்டியார் காலத்து லக்ஷ்மி படம் ஒன்று உண்டு. தாமரை வெளிறி, ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. சென்ற கோடையில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, இனி இது எதற்கென்று கழற்றினோம். தாயாருக்கு வந்த கோபத்தை வர்ணிப்பதற்கில்லை. அதை எழுதியவர் பிறந்த வீட்டைப் பார்த்து வந்தபின் தீர்மானிப்பதென்று ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது.

ராஜா ரவி வர்மா 1848-ல் பிறந்த கிளிமானூர், திருவனந்தபுரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அரண்மனை என்றதும் மைசூரை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஓட்டுக் கூரையும் மரத் தூண்களுமாக, குடும்பத்தார் இன்னமும் வசிக்கும் வீடுதான் அது. பிள்ளைப் பிராயத்தில் அவர் கரித்துண்டால் சுவரில் மிருகங்களைத் தீட்டினாராம். அதைக் கண்ட மாமன் ராஜ ராஜ வர்மா கண்டிக்காமல் சித்திரம் கற்றுக் கொடுத்தாராம். மேஜையில் படம் போட்ட பிள்ளைகள் எத்தனை பேரை நாம் பெஞ்சியின்மேல் ஏற்றியிருக்கிறோம்!

அவருடைய சித்திரசாலையில் நாம் கண்டவை பிரதிகளே. அசல்களைக் காணத் திருவனந்தபுரம், மைசூர், பரோடா என்று அலைய வேண்டும். முதலில் மனம் சலித்தது உண்மை. பிறகு யோசித்தால், பிரதிகளை ஊருக்கெல்லாம் வழங்க வேண்டுமென்பதுதானே அவருடைய ஆசை! 1894-ல் பம்பாயில் ஜெர்மானிய யந்திரங்களைக் கொண்டு அச்சுக்கூடம் நிறுவினார். அது பின்னர் லோனாவ்லா அருகே பெயர்ந்தது. கடன் மிகுந்து, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஒருவருக்கே அதை விற்கவும் நேர்ந்தது. ஆயினும் அரசர் மாளிகையிலிருந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் குடிசைச் சுவருக்கு வந்துவிட்டார்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல். அதற்கு 40 வருஷம் முன்னதாகவே, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனும் தெய்வத்தின் முகத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க வழி பிறந்தது.

ஆனந்த குமாரசாமி முதலிய அறிஞர்கள், இவை மேல்நாட்டுப் பாணி, நாடகமேடைக் காட்சி என்று கண்டித்தார்கள். வகுப்பில் நாமும் அதையே ஒப்பித்து வந்திருக்கிறோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவனை அந்தக் கண்டனம் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் பல்லாவரத்துப் படக்கடையில் புதுச் சட்டம் போடக் கொடுத்தோம். பழைய சட்டத்தைப் பிரித்தபோது, அதனடியில் மறைந்திருந்த ஓரத்தில் ரவி வர்மா அச்சுக்கூடத்தின் பெயர் தெரிந்தது. தாயாரிடம் காட்டினோம். "அதற்கென்ன?" என்று சொல்லி, குங்குமம் வைத்தார், இம்முறை கண்ணாடியின்மேல்.