நான்கு பெட்டி எட்டான கதை

மேலாண்மை மாணவர்கள் ஆடும் ‘பீர் கேம்’ ஆட்டத்தில் ஒரு சொட்டு பீர்கூடக் கிடையாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960 வாக்கில் உருவானது இது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர் வரிசையாக உட்காருவார்கள். பேசக் கூடாது, ஆர்டர் சீட்டை மட்டும் அடுத்தவரிடம் தள்ளலாம். சரக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும்.

வாரம் 4 பெட்டி விற்கிறது. ஐந்தாம் வாரம் 8; பிறகு கடைசிவரை அதே 8தான்.

ஆனால் சரக்கு தீர்ந்த பதற்றத்தில் கடைக்காரர் கூட்டிக் கேட்பார், மொத்த வியாபாரி அதற்கும் மேலே. ஆலையை எட்டும்போது ஆர்டர் பல மடங்கு வீங்கியிருக்கும். பிறகு கிடங்கு நிரம்பி வழியும். நால்வரும் ஒருவரையொருவர் திட்டுவார்கள். உண்மையில் யாரும் முட்டாளில்லை.

இது வெறும் விளையாட்டல்ல. பி அண்ட் ஜி நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர் ஆர்டர்களிலும் இதே தாறுமாறைக் கண்டது. குழந்தைகள் என்னவோ சீராகத்தான் நனைத்துக்கொண்டிருந்தன!