பற்று எது, வரவு எது?

வணிகவியல் பட்டப்படிப்பில் சேரும் நம் பிள்ளைகள் பலர் முதற்பருவத்திலேயே ஒரு விதியில் இடறுகின்றனர். உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே செல்வதை வரவு எழுது என்கிறது பாடம். வீட்டிலோ, கைக்கு வந்த பணத்தையே வரவு என்று சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். கல்லாவுக்கு வந்த நூறு ரூபாய் எப்படிப் பற்றாகும்? கேட்கத் தயங்கி, மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர்.

விடை மளிகைக் கடையின் பற்று நோட்டில் இருக்கிறது. சரக்கைக் கடனாகப் பெற்றவர் பெயரில் பற்று. அவர் பணம் தந்தால் அவர் பெயரில் வரவு. இனிக் கல்லாவையும் ஓர் ஆளாகக் கருதச் சொல்லுங்கள். நூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டது கல்லா. ஆகவே அதன் பெயரில் பற்று! 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்னும் துறவி அச்சிட்ட கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைக்குள் மாணவர் இவ்வாறு எளிதாக நுழைந்துவிடலாம். (முறை அவர் கண்டதன்று, அந்நகர வணிகர்கள் முன்பே கையாண்டது.)

அடுத்த தடை பெரிது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக உரிமையாளர் கல்லாவிலிருந்து 20,000 ரூபாய் எடுக்கிறார். மாணவர் அதைக் கடைச் செலவென்று எழுதுகிறார். "கடையே வாப்பாவுடையதுதானே?" என்றும் வாதிடுகிறார். கணக்கியலில் கடை வேறு, வாப்பா வேறு. பெற்றவர் அவர், அவர் பெயரில் 'எடுப்பு' என்று பற்று எழுத வேண்டும். செலவாக எழுதினால் இலாபம் 20,000 குறைந்து காட்டும். கூட்டாளி இருந்தால் அவர் பங்கும் குறையும். பாடத்திட்டத்தை முடிக்க விரையும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் ஒரு வாரம் நின்றாலும் தகும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்பதும் அதில் உண்டு.

ஜகாத் கணக்கிடும்போது இதன் பயன் தெரியும். ஆண்டு முடிவில் ரொக்கம் 2,00,000. விற்பனைச் சரக்கு அன்றைய விலையில் 20,00,000. வசூலாகும் கடன் 5,00,000. கொடுக்க வேண்டியது 3,00,000 என்க. அலமாரியும் தராசும் இதில் சேரா. ஹனஃபி மத்ஹபில் கொடுக்க வேண்டியதைக் கழித்து, 24,00,000க்கு இரண்டரை சதவீதம் 60,000. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி கழிப்பதில்லை, 67,500 ஆகும். எம்முறையாயினும், இந்நான்கு தொகைகளையும் கலக்காமல் எடுத்துத் தர அந்த முதலாண்டு மாணவரால் முடியும்.