முழ நீளச் சுறாவின் கடி

சூரை, வாள்மீன், ஓங்கில், திமிங்கிலம் என வெப்பமண்டலக் கடல்களின் பெரிய உயிர்கள் பலவற்றின் உடம்பில் வட்டமான குழிகள் இருப்பதுண்டு. பனங்காயில் நுங்கை நோண்டி எடுத்த இடம்போல, சுமார் 5 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும். ஒட்டுண்ணி, பாக்டீரியா என்று பலவற்றின் மேல் பழி விழுந்தது. 1971இல் எவரெட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்தான் குக்கீகட்டர் சுறாவை அடையாளம் காட்டினார். அதன் வயிற்றில் கிடந்த சதைத் துண்டுகள் அந்தக் குழிகளோடு பொருந்தின.

பெரிய பெண் சுறாகூட அரை மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் வாய் அபாரமானது. தடித்த உதடுகளை இரையின் தோலில் பதித்து, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். மேல்தாடையின் ஊசிப் பற்கள் பிடித்துக்கொள்ள, கீழ்த்தாடையின் பெரிய முக்கோணப் பற்கள் சதைக்குள் இறங்கும். உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றினால் துண்டு வாயோடு வந்துவிடும். கடிபட்ட பெரிய விலங்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காயம் ஆறித் தழும்பாகும்.

கீழ்ப்பற்கள் 25 முதல் 31 வரை, அடியில் ஒன்றோடொன்று இணைந்தவை. பெரும்பாலான சுறாக்களுக்குப் பல் ஒவ்வொன்றாக விழும். இதற்கு முழு வரிசையும் சேர்ந்தே கழலும். அதையும் விழுங்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தை வீணாக்காத ஏற்பாடு என்று கருதுகிறார்கள்.

பகலில் 1,000 மீட்டருக்கும் கீழே கிடக்கும் இது இரவில் மேலே வரும். அப்போது அதன் வயிற்றுப்புறம் பச்சையாக ஒளிரும். மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழிருந்து பார்த்தால் உடம்பு தெரியாது. கழுத்தைச் சுற்றிய ஒளிராத கறுப்புப் பட்டை மட்டும் தெரியும். அதைச் சிறு மீன் என்று நம்பி நெருங்கும் பெரிய மீன்தான் கடிபடுகிறது என்று ஆய்வாளர் எடித் விடர் 1998இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நிரூபணமாகவில்லை. ஆனாலும் வேகத்தில் சூரையை எட்டவே முடியாத ஒரு மீன் சூரையின் சதையை எப்படித் தின்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கமாகவே எனக்குப் படுகிறது.

1970களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கருவியை மூடியிருந்த ரப்பர் உறையையும் இது கடித்துவைத்தது. உள்ளிருந்த எண்ணெய் கசிந்து, கப்பல்கள் தளம் திரும்ப நேர்ந்தது. பிறகு உறைக்கு மேல் கண்ணாடியிழைக் கவசம் போட்டார்கள்.

இவ்வளவு கடித்தாலும் பெரிய விலங்கின் சதை இதன் முக்கிய உணவு அல்ல. ஹவாய்ப் பக்கத்துச் சுறாக்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, சிறு மீன், கணவாய், இறால் வகைகளே இதன் பெரும்பங்கு இரை.