மஞ்சள் பேடா, வெள்ளை பேடா? கார் பாலிஷ் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கும்போது, நீளமான லாரிகளில் ஏற்றப்பட்ட புத்தம் புது கார்கள் கண்ணில் படாமல் போகாது. 1998-ல் ஹூண்டாய் ஆலையில் சான்ட்ரோ தயாரிப்பு தொடங்கியதிலிருந்து இது கார்களின் ஊர். ஒரகடம் பக்கம் திரும்பினால் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகளின் வரிசை நீள்கிறது.

ஆலையை விட்டு வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி மின்னும் அதே கார், ரெண்டு வருஷம் ரோட்டில் ஓடினால் என்ன ஆகும்? லாரித் தூசி, போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை, அழுக்குத் துணியால் அவசரமாகத் துடைத்த கீறல்கள் என எல்லாம் சேர்ந்து, வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும். ‘ஒரு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்’ என்பார்கள். ஆகும்தான். ஆனால், சரியான பேட் போட்டால் மட்டும்!

எதைத் தேய்க்கிறோம்?

கார் பெயின்ட் ஒரே அடுக்கு அல்ல. உலோகத்தின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். ஆலையில் பூசப்படும் பெயின்ட்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான். இதில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான். பிரின்டரில் வைக்கும் ஏ4 தாளின் தடிமனில் பாதி, அவ்வளவுதான்.

பாலிஷ் என்பது கீறலை ‘நிரப்புவது’ அல்ல. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமன் செய்வது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் இந்த அடுக்குதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். குறைந்தது திரும்ப வளராது. அளவு மீறித் தேய்ந்த இடத்தில் சில வருடங்களில் வெளுத்துத் தோல் உரிவது போல உரியும். அப்புறம் மறுபடி பெயின்ட் அடிப்பது தவிர வழியில்லை.

ரோட்டரி மெஷினில் ஏன் கூடுதல் கவனம்?

ரோட்டரி பஃபர் ஒரே அச்சில் சுற்றும். 180 மி.மீ. பேட் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் பெயின்ட்டை உரசுகிறது. அதே வேகத்தில் 75 மி.மீ. பேட் போட்டால் விளிம்பு வேகம் சுமார் 21 கி.மீ.தான். பேடின் அளவு மாறினாலே உரசலும் சூடும் மாறிவிடும்.

டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுற்றிக்கொண்டே அலைபாயும் என்பதால், சூடு ஒரே இடத்தில் சேர்வது குறைவு. ரோட்டரியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கை ஒரு இடத்தில் நின்றுவிட்டால் பெயின்ட் கருகும். ஆனால், ஆழமான கீறலை வேகமாக எடுப்பதில் ரோட்டரிக்கு இணை குறைவு. அதனால்தான் ஒர்க்‌ஷாப்புகள் இன்னும் அதை விடவில்லை.

எந்த பேட் எதற்கு?

உல்லன் பேட்: வெட்டும் சக்தி அதிகம். உப்புத்தாள் தேய்த்த தடம், ஆழமான கீறல், வெளுத்துப்போன பெயின்ட் ஆகியவற்றுக்கு. இது தன் பங்குக்கு மெல்லிய தடங்களை விட்டுச் செல்லும். இதோடு வேலையை முடிக்கவே கூடாது.

கடினமான ஃபோம் பேட்: காம்பவுண்டோடு சேர்த்து, நடுத்தரக் கீறல்களுக்கு.

நடுத்தர ஃபோம் பேட்: முந்தைய கட்டம் விட்ட தடத்தை எடுத்து மினுமினுப்பைக் கொண்டுவரும். நன்றாகப் பராமரித்த காருக்கு இதிலிருந்தே தொடங்கலாம்.

மென்மையான ஃபினிஷிங் பேட்: விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். மிக நைசான பாலிஷோடு கடைசிக் கட்டத்துக்கு.

வெயிலில் நிறுத்தினால் போனெட்டில் வால் நட்சத்திரம் போல வளைந்த ஒளிக்கோடுகள் தெரிகிறதா? அதுதான் ‘ஹாலோகிராம்’. உல்லன் பேடோ கடினமான ஃபோமோ ஒரே திசையில் இழுத்த நுண்கீறல்கள் அவை. பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைச் சரியாகச் செய்யாததன் அடையாளம். கறுப்பு, அடர் நீலக் கார்களில் இது ஒளியவே ஒளியாது. ஃபினிஷிங் பேடோடு, வேகத்தை 1,000 சுற்று அளவுக்குக் குறைத்து, மெஷினின் எடை மட்டும் அழுத்தும்படி மெதுவாக நகர்த்தினால் நீங்கும்.

நிறம் ஒரு கணக்கே இல்லை

பலரும் சறுக்கும் இடம் இது. ‘மஞ்சள் பேட் வெட்டும், வெள்ளை ஃபினிஷிங்’ என்று ஒரு பொதுக் கணக்கு இல்லை. ரூபெஸ் நிறுவனத்தில் நீலம் கடினம், பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. லேக் கன்ட்ரியின் ஃபோம் பேடில் மஞ்சள் நன்றாக வெட்டும் ரகம். 3எம் ரோட்டரி பேட்களில் வெள்ளை ஃபோம் காம்பவுண்டுக்கானது! ஒரு பிராண்டின் நிறத்தை மனப்பாடம் செய்து இன்னொரு பிராண்டை வாங்கினால், மெருகேற்றப் போய்க் கீறல் போட்டு வருவோம். ஆன்லைனில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். ‘கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங்’ என்ற விவரத்தைப் பாருங்கள்.

தொடங்கும் முன்

* மென்மையான பேடில் தொடங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சோதித்துப் பாருங்கள். கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடினமான பேடுக்குப் போகலாம். கிளியர் கோட்டின் கடினம் காருக்குக் கார் மாறும்.

* காரை நன்றாகக் கழுவி, கிளே பார் போட்டுத் துகள்களை எடுத்த பிறகே மெஷினைத் தொட வேண்டும். பேடுக்கு அடியில் சிக்கிய ஒரு மணல் துகள் போதும், மொத்த வேலையும் பாழ்.

* நிழலில், பேனல் ஆறிய பிறகு செய்யுங்கள். சித்திரை வெயிலில் நின்ற காரில் பாலிஷ் உடனே காய்ந்து, பேட் வெறுமனே உரசும்.

* கதவு விளிம்பு, பாடி லைன் போன்ற இடங்களில் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் மெல்லியது. பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது. அங்கே சின்ன பேட், குறைந்த வேகம்.

* ஒரு பேடுக்கு ஒரே வகை காம்பவுண்ட். காம்பவுண்ட் படிந்த பேடில் ஃபினிஷிங் பாலிஷ் ஊற்றினால் பயனில்லை. பேனலுக்கு ஒருமுறை பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பேட் நனைந்து தொய்ந்தால் மாற்றுங்கள்.

* பேக்கிங் பிளேட் பேடை விடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டி பாலிஷ் போடும் ‘ஐடியா’ வேண்டவே வேண்டாம். காருக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து.

கடையில் கொடுக்கிறீர்களா?

மூன்று கேள்வி கேளுங்கள். பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளப்பீர்களா? எத்தனை கட்டம், கடைசியில் எந்த பேட்? முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலைத் தற்காலிகமாக மறைக்கும். நாலு வாஷில் எல்லாம் திரும்ப வரும். துடைத்த பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கார் ஆலைகளில் பெயின்ட் பரிசோதனையில் தூசிப் புள்ளி தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் நைசான உப்புத்தாளால் தொட்டு, சின்ன பேடால் மெருகேற்றி விட்டுவிடுவார்கள். முழு காரையும் தேய்ப்பதில்லை. வீட்டுக்காரும் அப்படித்தான். தேவையான இடத்தில், தேவையான அளவு மட்டும் தேய்த்தால் போதும். வருடா வருடம் காம்பவுண்ட் போடும் பழக்கத்தை விட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் செலவு செய்தால், அந்த 40 மைக்ரான் பல வருடம் உழைக்கும்.