ஆட்டக்காரரின் இறுதிக் கணக்கு

விளையாட்டுச் செய்திகளை நாள்தோறும் கேட்பவர் ஒவ்வொருவரும் ஒருவகையில் கணக்கரே ஆவர். ஒரு பந்து வீச்சாளர் முந்நூறு விக்கெட்டுகளை வீழ்த்திய அன்றே, 'இவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆடுவார்? அறுநூறை எட்டுவாரா?' என்னும் வினா எழுந்துவிடுகிறது. பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு ஆகிய எல்லையூர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு ஆகிய மலையூர்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கும் இவ்வினா புதியதன்று. சென்னைச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வினைப் பற்றி இதனை ஒருமுறையேனும் எழுப்பாத கிரிக்கெட் அன்பர் அரியர். இவ்வினாவுக்கு விடை காணும் முறை யாது, அம்முறை எவ்விடத்தில் தவறுகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நமக்கு அருகிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு தொடங்குவோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் ஏப்ரல், மே மாதங்களில், மழை பெய்து தளிர் பொங்கும் நாள்களில், ஒருநாளில் பறிக்கும் நிறை மிகுதியாக இருக்கும். சனவரியில் மூணாற்றுப் பக்கம் உறைபனி விழுந்து தளிர் கருகும் நாள்களில் அந்நிறை வெகுவாகக் குறையும். அன்றியும், கவாத்து வெட்டப்பட்ட செடி சில மாதங்கள் கொழுந்தே தராது. பிறகு விளைச்சல் ஏறிச் சென்று, செடி உயர்ந்து முற்றியபின் மீண்டும் இறங்கும். ஆகவே, மே மாதத்து ஒருநாள் நிறையை முந்நூற்றறுபத்தைந்தால் பெருக்கி ஆண்டுக் கணக்குச் சொல்பவரைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொள்ளமாட்டார். இரண்டு செய்திகளை அவர் வினவுவார். ஒருநாளைக்கு எவ்வளவு என்பது ஒன்று; பறிக்கக் கிடைக்கும் நாள்கள் எத்தனை என்பது மற்றொன்று. முன்னதை விகிதம் என்றும், பின்னதை வாய்ப்பு என்றும் நாம் வழங்குவோம். ஆட்டக்காரரின் இறுதிக் கணக்கும் இவ்விரண்டின் பெருக்கமே.

இவ்வகைக் கணக்கில் மிகுந்த ஆர்வம் காட்டியவர் அமெரிக்க நாட்டினர். அவர்தம் தேசிய ஆட்டமாகிய பேஸ்பாலில் நான்கு தளங்கள் ஒரு சதுரத்தின் மூலைகளில் அமைந்துள்ளன. ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையேயுள்ள தொலைவு 90 அடி. தளத்தில் நிற்கும் ஆட்டக்காரர், பந்தெறிபவர் கைவீசும் கணத்தில், மட்டைக்காரர் பந்தை அடிக்கும்வரை காத்திராமல் அடுத்த தளத்திற்குப் பாய்ந்தோடி அதனைத் தொட்டுவிடுவதுண்டு. அவர் தளத்தைத் தொடுமுன், பந்தைக் கையில் கொண்ட எதிரணியினர் அவரைத் தொட்டுவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். இதனை அந்நாட்டார் 'திருட்டு' என்றே வழங்குகின்றனர்; நாம் 'தளம் கவர்தல்' எனலாம். நம் சடுகுடு ஆட்டத்தில் பாடிச் சென்று எதிரணியின் பிடிக்குத் தப்பி மீள்பவரிடம் காணும் துணிவும் கால் விரைவும் இதற்கு வேண்டும்.

கால்விரைவை நம்பிய கலை ஆதலின், வயது இதனை எளிதில் தாக்கும். முப்பது வயதைக் கடந்தவர் தளம் கவரும் எண்ணிக்கை குறையும் என்பதே பொது எதிர்பார்ப்பு. அங்ஙனமாயின், புகழ்பெற்ற ஒருவர் ஆட்டத்தை விட்டு விலகும்போது அவர் கணக்கு எவ்வளவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலுமா?

பேஸ்பால் கணக்குகளை ஆராய்வதில் பெயர்பெற்ற பில் ஜேம்ஸ் என்பார் இதற்கு ஓர் எளிய முறை வகுத்தார். அதனைத் தமக்கு 'விருப்பமான விளையாட்டுப் பொருள்' என்று அவர் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். அம்முறை வருமாறு. சென்ற ஆண்டின் எண்ணிக்கையை மூன்றாலும், அதற்கு முந்தைய ஆண்டினதை இரண்டாலும், அதற்கும் முந்தையதை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். இதுவே ஒருவரின் இயல்பான ஆண்டு விகிதம். பின்னர், அவர் வயதில் பத்தில் ஆறு பங்கை 24-இலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சுவது அவருக்கு இனியுள்ள ஆட்ட ஆண்டுகள். முப்பது வயதினருக்கு 6 ஆண்டுகளும், முப்பத்தைந்து வயதினருக்கு 3 ஆண்டுகளும் இவ்வாறு கிடைக்கும். எவ்வளவு முதியவர்க்கும் ஒன்றரை ஆண்டேனும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் இனி வரவிருக்கும் எண்ணிக்கை தெரியும்.

இம்முறையைத் தளம் கவர்தலில் நிகரற்றவரான ரிக்கி ஹென்டர்சன் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 1979-இல் ஆடத் தொடங்கிய அவர், 1982 ஒரே ஆண்டில் 130 தளங்களைக் கவர்ந்தவர். 1990-ஆம் ஆண்டின் முடிவில் அவர் வயது 32, கணக்கு 936. அதற்கு முந்தைய சாதனையாளர் லூ பிராக் விட்டுச் சென்ற எண் 938. ஹென்டர்சனின் இறுதி மூன்று ஆண்டு எண்ணிக்கை முறையே 93, 77, 65. மேற்கூறிய முறைப்படி அவர் விகிதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 74. எஞ்சிய ஆண்டுகள் 4.8. எனவே இனி வரக்கூடியது 354; மொத்தம் 1,290 என்று கணக்குச் சொல்லும்.

நடந்தது யாது? அவர் 2003 வரை மேலும் 13 ஆண்டுகள் ஆடி 470 தளங்களைக் கவர்ந்து, 1,406 என்னும் எண்ணில் நின்றார். இங்கு உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவருடைய விகிதம் குறையவே செய்தது. ஆண்டுக்கு 74 என்பது 36 என்னும் அளவிற்குச் சரிந்தது. ஆயினும் கணக்கு எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆண்டுகள் அவருக்கு வாய்த்தன. அதற்குக் காரணம் கால்கள் மட்டுமல்ல. தவறான பந்துகளை அடிக்காது விட்டு முதல் தளத்தை இலவசமாகப் பெறும் பொறுமையும் கூரிய பார்வையும் அவரிடம் இருந்தன. முதல் தளத்தை அடைந்தாலன்றோ இரண்டாவதைக் கவர இயலும்! ஒரு குழு விடுத்தபோது வேறொரு குழுவை நாடி, ஒன்பது குழுக்களில் அவர் ஆடினார். 1998-இல், தம் 39-ஆம் வயதில், 66 தளங்களைக் கவர்ந்து தம் பிரிவில் முதலிடமும் பெற்றார்.

இனி நம் அஸ்வினிடம் வருவோம். 1986 செப்டம்பரில் பிறந்த அவர் 2011 நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். 2017 நவம்பரில் நாகபுரியில், தம் 54-ஆம் ஆட்டத்திலேயே 300 விக்கெட்டுகளை எட்டினார். அத்துணை விரைவில் அந்த எண்ணை அதற்குமுன் எவரும் எட்டியதில்லை. அப்போது அவர் விகிதம் ஆட்டத்திற்கு 5.56. 2008-இல் ஓய்வுபெற்ற அனில் கும்ப்ளே 132 ஆட்டங்களில் 619 விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார். அஸ்வினும் அதே 132 ஆட்டங்களை அதே விகிதத்தில் ஆடுவார் என்று கொண்டு பெருக்கினால் 733 என வரும். கும்ப்ளேயை மட்டுமன்று, ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னையும் அது கடந்துவிடும். ஆனால், 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அவர் ஓய்வை அறிவித்தபோது ஆடியிருந்தவை 106 ஆட்டங்கள், வீழ்த்தியவை 537.

இடைவெளியாகிய 196 எங்கே போயிற்று? முதல் 54 ஆட்டங்களில் 5.56 ஆக இருந்த விகிதம், பின் 52 ஆட்டங்களில் 4.56 ஆகக் குறைந்தது. இதனால் குறைந்தவை 52 விக்கெட்டுகள். மீதி 144-உம் அவர் ஆடாத 26 ஆட்டங்களால் குறைந்தவை. ஆக, விகிதத்தின் தேய்வு செய்ததைக் காட்டிலும் வாய்ப்பின் குறைவு செய்தது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஹென்டர்சன் கணக்கு மேலே தவறியதும், அஸ்வின் கணக்கு கீழே தவறியதும் ஒரே இடத்தில்தான்.

வாய்ப்பு ஏன் குறைந்தது என்பதும் விளங்காத புதிரன்று. அஸ்வினின் 537-இல் 383 விக்கெட்டுகள் இந்திய மண்ணில் 65 ஆட்டங்களில் கிடைத்தவை. வெளிநாட்டு ஆடுகளங்களில் பெரும்பாலும் ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கே இடம் உண்டு. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் மூன்று ஆட்டங்களில் வாஷிங்டன் சுந்தர், அஸ்வின், ஜடேஜா என மூவர்க்கு ஒவ்வோர் ஆட்டம் கிட்டியது. அடுத்து இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட்டம் 2025 அக்டோபரில்தான். முப்பத்தெட்டு வயதினர் ஒருவர் அதுவரை காத்திருக்க வேண்டும். பில் ஜேம்ஸ் முறையை 2023 முடிவில், அவர் கணக்கு 490 ஆக இருந்தபோது வைத்துப் பார்த்தால், 555 என்னும் விடை கிடைக்கிறது. பேஸ்பாலுக்கென வகுத்த முறை கிரிக்கெட்டில் 18 விக்கெட்டுகளே பிழைபட்டது வியப்பிற்குரியதே. எனினும், அம்முறை வயதை அறியுமேயன்றி, குழு அறிவிப்பில் யார் பெயர் இடம்பெறும் என்பதை அறியாது. கும்ப்ளேயைக் கடக்க இன்னும் 83 விக்கெட்டுகளே வேண்டியிருக்க, தாமே விலகிய ஒருவர் மனத்தையும் அறியாது.

விலகும் நாளை ஆட்டக்காரர் முன்னரே சொல்லிவிட்டால் கணக்கு எளிதாகும். தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து இலங்கை சென்ற குடும்பத்தின் வழிவந்த கண்டி முத்தையா முரளிதரன் அவ்வாறு செய்தார். 2010 சூலையில் காலியில் இந்தியாவை எதிர்த்து ஆடும் ஆட்டமே தம் இறுதி டெஸ்ட் ஆட்டம் என அறிவித்தபோது, அவர் கணக்கு 132 ஆட்டங்களில் 792. சராசரி ஆட்டத்திற்குச் சரியாக ஆறு. எனவே 798 என்பதே கணக்கு காட்டிய விடை. முதல் இன்னிங்ஸில் ஐந்தும், இரண்டாவதில் மூன்றும் வீழ்த்தி, இந்தியாவின் கடைசி விக்கெட்டைத் தம் எண்ணூறாவதாகக் கொண்டு அவர் விடைபெற்றார். வாய்ப்பு உறுதியாகத் தெரிந்த இடத்தில் கணக்கு இரண்டே விக்கெட்டுகள் பிழைத்தது என்பதை நேயர்கள் கருத்திற்கொள்க.

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலேயே இவ்விரு போக்குக்கும் சான்றுகள் உள்ளன. தொடுபுழையில் பிறந்த ஓட்ட வீராங்கனை ஷைனி வில்சன் 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 1992-இல் பார்சிலோனாவில் இந்திய அணியின் கொடியை ஏந்திச் சென்றார். அவர் தொடங்கிய நாளில் நான்கு ஒலிம்பிக் என்று எவரேனும் கணக்கிட்டிருந்தால் அதனை மிகை என்றே பலர் கருதியிருப்பர். மாறாக, பாலக்காட்டு நீளத்தாண்டல் வீரர் முரளி ஸ்ரீசங்கர் 2023-இல் 8.41 மீட்டர் தாண்டி, பாரிஸ் ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றிருந்தார். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் நேர்ந்த ஊறு அவ்வாய்ப்பைப் பறித்துவிட்டது. இளமையும் திறனும் குன்றவில்லை, நாள்தான் தவறிற்று.

இவற்றால் நாம் அறிவன மூன்று. முதலாவது, ஒருவரின் சிறந்த ஆண்டை அளவுகோலாகக் கொண்டு பெருக்குதல் கூடாது. அண்மை மூன்றாண்டுகளைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். இரண்டாவது, விடையை ஒற்றை எண்ணாகக் கூறாமல் 'இதற்கும் இதற்கும் இடையில்' என்று கூறுதல் நேர்மை. மூன்றாவது, விகிதத்தைப் பற்றி வினவுவதைவிட, எஞ்சிய வாய்ப்பு யார் கையில் உள்ளது என்று வினவுதல் பயன் தரும்.

விளையாட்டில் கணக்குத் தவறினால் யாருக்கும் இழப்பில்லை. வாழ்க்கையில் அவ்வாறன்று. கொழுந்து மிகுந்த ஓர் ஆண்டின் கூலியைப் பெருக்கிப் பார்த்துப் பத்தாண்டுத் தவணைக்கு வீட்டுக் கடன் ஏற்பவர், அஸ்வினுக்கு 733 என்று கணக்கிட்டவர் செய்த பிழையையே செய்கிறார். கைத்திறன் ஒருவேளை மெல்லத்தான் குறையும்; ஆனால் தோட்டம் கைமாறுவதும், பணிநாள் குறைவதும், உடல் ஒருநாள் ஒத்துழையாமற் போவதும் திடீரென நிகழ்வன. எனவே பெற்றோரின் உழைப்பு நாள்களைக் குறைத்தே மதிப்பிட்டு, அதற்குள் அடங்கும் கடனை மட்டும் ஏற்பது தக்கது. மிகுதியாக நாள்கள் வாய்த்தால் அவை சேமிப்பாகட்டும்.