வலிக்காத கண்ணும் நீரிழிவும்

நீரிழிவு கண்ணைக் கெடுக்கும் என்பதை அனைவரும் அறிவர். எனினும், விழித்திரையில் ஏற்படும் இரத்தக் கசிவையும் கண்புரையையும் நினைக்கும் நாம், கண்ணின் முகப்பிலேயே இருக்கும் கார்னியாவை மறந்துவிடுகின்றோம்.

கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போலக் கருவிழியின் மேல் கவிந்திருக்கும் ஒளி ஊடுருவும் படலமே கார்னியா. அதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. பிராணவாயுவைக் கண்ணீர் வழியே காற்றிலிருந்து பெற்றுக்கொள்கின்றது. நரம்பு முனைகளோ உடலில் வேறெங்கும் காணாத அளவு அங்கே நெருங்கியிருக்கின்றன. ஒரு தூசி விழுந்தாலும் நாம் துடித்துப்போவதும், கண்ணீர் பெருகுவதும், இமை தானாக மூடிக்கொள்வதும் இவற்றாலேயே.

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால், கால் விரல்கள் மரத்துப்போவதைப் போலவே இந்நரம்புகளும் நலிந்துவிடுகின்றன. உணர்ச்சி குன்றவே கண்ணீரும் இமைத்தலும் குறைந்து கண் வறள்கின்றது. கார்னியாவின் மேல்தோலும் தன் அடித்தளத்தோடு உறுதியாக ஒட்டி நிற்பதில்லை. சிறு உரசலிலும் உரிந்துவிடுகின்றது. பிறருக்கு ஓரிரு நாட்களில் ஆறும் சிறு கீறல், இவர்களுக்கு வாரக்கணக்கில் ஆறாதிருப்பதுண்டு. அதன் வழியே கிருமியோ பூஞ்சையோ புகுந்தால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும்.

காலில் முள் தைத்தது அறியாமல் நடக்கும் நீரிழிவு நோயாளிகளை நாம் கண்டிருக்கின்றோம். கண்ணுக்கும் அதே நிலை நேரலாம். “சிவந்துதான் இருக்கின்றது, வலியில்லை” என்று வீட்டுப் பெரியவர் கூறினால், அதை ஆறுதலாகக் கொள்ளலாகாது. சிவப்போ, கூச்சமோ, மங்கலோ, வெண்புள்ளியோ தென்பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் நோக்கினால் கீறல் பச்சையாகத் துலங்கும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். பூஞ்சைப் புண்ணை அது முற்றச் செய்துவிடும்.

நம் இல்லங்களில் சுர்மா இடும் வழக்கம் உண்டு. அக்குச்சியின் முனை கார்னியாவை உரசிவிடலாம். ஒரே குச்சியைப் பலர் பயன்படுத்துவதும் தகாது. சிலவகைச் சுர்மாவில் ஈயம் மிகுந்திருப்பதும் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. எனவே சர்க்கரை நோயுள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நலம்.

கண்புரை அறுவைக்குச் செல்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கார்னியாவின் உட்புறத்தில் ஒரே வரிசையாய் அமைந்த உயிரணுக்களே அதில் நீர் கோக்காமல் காக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. நீரிழிவு அவற்றையும் நலியச் செய்கின்றது. ஆகவே சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே கூறிவிடுங்கள்.